பழைய கித்தார் ஆம்ப் இரைகிறதா? வால்வு வாங்க ஓடாதீர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாய்மாமா காலமான பிறகு அவருடைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இவரிடம் வந்திருக்கிறது. 1970-களில் செய்த வால்வு ஆம்ப் (கித்தார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), அமெரிக்க மின்சாரத்துக்கானது, அதனால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி வைத்து ஓட்டுகிறார். கித்தாரைச் சொருகாமலேயே ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. மழை நாளில் பொரிகிற சத்தம் வேறு. கித்தார் கம்பியைத் தொட்டால் சில நேரம் சுள்ளென்று இருக்கிறதாம். கடையில் காட்டியதற்கு எல்லா வால்வையும், அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை, மாற்றிவிடலாம் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சத்தம் என்றதும் வால்வைச் சந்தேகிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். கண்ணாடிக்குள் மினுக்மினுக்கென்று எரிகிற பொருள் அது ஒன்றுதான் என்பதால் இருக்கலாம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஆயர் ஈத்தாமில் வீட்டு மேசையிலேயே ஆம்ப் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வந்தவற்றில் வால்வு குற்றவாளியாக இருந்ததைவிட எர்த்தும் ஈரமும் குற்றவாளியாக இருந்ததே அதிகம்.

சுள்ளென்கிறது என்பதைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அது சரியாகும்வரை ஆம்பைப் போடாதீர்கள்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெயரளவில் 230 வோல்ட். 2008-க்கு முன்னால் 240 என்றுதான் சொல்வோம், என் வயதுக்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். ஸ்டெப்-டவுன் பெட்டி இதை 110-க்கோ 120-க்கோ இறக்குகிறது. பெட்டிக்குள் போகும் பிளக் நம்முடைய மூன்று முள் பிளக். வெளியே வரும் சாக்கெட் பல பெட்டிகளில் இரண்டு துளை மட்டும். ஆம்பின் அமெரிக்க பிளக்கில் உருண்டையான எர்த் முள் இருந்தால் யாரோ அதை அறுத்திருப்பார்கள், அல்லது அடாப்டர் போட்டு மறைத்திருப்பார்கள். எர்த் பெட்டியோடு நின்றுவிட்டது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே சுற்றில் இடையில் கம்பி இழுத்தவை. உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் நடுவில் தடுப்பு கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து ஆம்புகளின் பின்பக்கம் ‘கிரவுண்ட்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதனோடு 0.047 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம்) நடுவில் உட்கார்ந்திருக்கும். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் காலத்தில் இரைச்சலைக் குறைக்க வைத்த ஏற்பாடு. அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த செல்லப்பெயர் மரணக் கெப்பாசிட்டர். அது ஷார்ட் ஆனால் மின்சாரம் சேசிஸுக்கு வரும், சேசிஸிலிருந்து கித்தார் கம்பிக்கு, கம்பியிலிருந்து உங்களுக்கு. ஒரு கை கம்பியிலும் உதடு எர்த் உள்ள மைக்கிலும் இருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் செலவு வயர்மேனுக்கு. மூன்று கம்பி கேபிள் போட்டு, பச்சை-மஞ்சள் கம்பியைச் சேசிஸில் தனி போல்ட் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். எர்த் கடைசிவரை போகிற பெட்டியாக மாற்றுங்கள். சுவர் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், 3 ஆம்பியர் போதும். இதைச் செய்து முடித்து, ஆம்பைப் போட்டதும் வீட்டு ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தால் பயப்படாதீர்கள். டிரான்ஸ்பார்மர் எங்கோ கசிகிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. அதற்காக எர்த்தைப் பிடுங்கிவிடாதீர்கள். கல்யாண பேண்டு ஒன்றிலிருந்து என்னிடம் வந்த ஆம்பில் யாரோ அப்படித்தான் ‘சரி செய்து’ வைத்திருந்தார்கள். இரைச்சல் போயிருந்தது, உண்மைதான். பாடுகிறவர் மட்டும் மைக்குக்கு முன்னால் ஒரு அடி தள்ளியே நிற்பாராம், ஏன் என்று அவருக்கே தெரியாது.

எர்த் சரியானதும் உங்கள் ‘ம்ம்ம்’ பாதியாகக் குறைந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. மீதி இருப்பதற்குக் காதைக் கொடுங்கள்.

இரைச்சலுக்கும் சுருதி உண்டு. 50 ஹெர்ட்ஸ் என்பது ஜி சுருதிக்குச் சற்றே மேலே நிற்கும். தடித்த ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டைப் பிடித்தால் வருகிற ஜி 98 ஹெர்ட்ஸ். ஆம்ப் போடும் ‘ம்ம்ம்’ அந்த ஜி-யோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போகிறதா, அல்லது அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே குமுறுகிறதா என்று பாருங்கள். ஒட்டிப்போனால் அது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றிய பிறகு மிச்சமிருக்கும் அலை அது, பவர் சப்ளை பக்கத்துச் சமாச்சாரம். கீழே குமுறினால் 50: எர்த் கோளாறு, வால்வின் ஹீட்டர் கம்பி, டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், இந்தப் பக்கம். அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துச் சத்தத்தை ஒப்பிடாதீர்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், அவர்களுடைய பவர் சப்ளை இரைச்சல் 120-இல், ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் நிற்கும். அவர்கள் ஊர் சுருதிப்பெட்டி வேறு, நம் ஊர் சுருதிப்பெட்டி வேறு.

அடுத்தது குமிழ்கள். இரண்டு சேனலின் வால்யூமையும் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் அதே அளவு இரைந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்னால். ரிவெர்ப் (எதிரொலி) குமிழோடு மட்டும் ஏறினால் பெட்டிக்கு அடியில் பையில் கிடக்கும் ஸ்பிரிங் தொட்டியைப் பாருங்கள். அதற்குப் போகும் இரண்டு கேபிள்களில் ஒன்றின் மேல்வலை அறுந்திருக்கும், அல்லது பிளக் பாசி பிடித்திருக்கும். உங்கள் ஸ்டெப்-டவுன் பெட்டியை ஆம்புக்குள்ளேயே, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களோ என்றும் ஒரு சந்தேகம். வசதிக்காகப் பலரும் அங்கேதான் வைப்பார்கள். ஒரு கஜம் தள்ளி வையுங்கள். சேசிஸில் இருக்கும் டிரான்ஸ்பார்மரே தொட்டிக்குப் போதுமான தொந்தரவு, இரண்டாவது ஒன்று வேண்டாம்.

ஆம்பை ஸ்டாண்ட்பையில் (வால்வு சூடாக இருக்கும், ஒலி மட்டும் வராத நிலை) போட்டுவிட்டும் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் வந்தால் அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, டிரான்ஸ்பார்மரின் தகடுகளே அதிர்கின்றன. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை 50-இல் ஓட்டினால் இரும்புக்கு வேலை கூடும், சூடும் கூடும். கையை வைத்துச் சில விநாடிகூடத் தாங்க முடியாத அளவு சுட்டால், வெளிநாட்டு ஏற்றுமதிக்கான, 230-240 சுற்றுள்ள டிரான்ஸ்பார்மரைப் போட்டுவிட்டு மாமாவுடையதைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பெட்டித் தொல்லையும் அதோடு முடியும்.

கித்தார் சொருகாமலே இரைகிறது என்கிறீர்களே, அதற்கு ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று. ஒன்றும் சொருகாதபோது இன்புட் ஜாக்குக்குள் ஒரு சின்னத் தகடு உள்ளீட்டை எர்த்தோடு இணைத்து வாயை மூடி வைக்கும். நம் ஊர் கடல் காற்றில் அந்தத் தகடு கறுத்துப்போகும். அப்புறம் உள்ளீடு திறந்தபடி கிடக்கும், அகப்பட்டதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். கித்தாரைச் சொருகி, கித்தாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் அடங்கினால் இதுதான். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த தடித்த காகிதத் துண்டை அந்தத் தகட்டின் இடுக்கில் விட்டு நாலு முறை இழுத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

கித்தார் சொருகிய பிறகு மட்டும் வரும் இரைச்சல் வேறு கதை. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வாங்கும் இரைச்சல், ஆம்ப் பாவம். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் அப்படித்தான். இதற்காகத்தான் 1955-இல் கிப்சன் கம்பெனியில் செத் லவர் இரட்டைச் சுருள் வைத்து ஹம்பக்கர் செய்தார். மின்விசிறி ரெகுலேட்டர், டிம்மர் விளக்கு, கைப்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் நண்பர் மகன் ஒருவனுடைய ஆம்ப் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ‘ஸ்ஸ்ர்ர்ர்’ என்று எரிந்து விழும். என் மேசையில் இரண்டு நாள் வைத்திருந்தேன், சாது மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு அவன் அம்மா விளக்கேற்றினார், சாமி மேடையில் வண்ண விளக்கு மாலைக்கும் சுவிட்சைத் தட்டினார். உடனே ஆம்ப் கத்தத் தொடங்கியது. மாலையின் அடாப்டரும் ஆம்பும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தன. சாமியை நகர்த்த முடியாதே, ஆம்பை வேறு சாக்கெட்டுக்கு மாற்றினோம்.

இதெல்லாம் தாண்டியும் சத்தம் இருந்தால் இப்போது வால்வுக்கு வாருங்கள், வாங்க அல்ல, கழற்றிப் பார்க்க. பின்னாலிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் இருப்பது முதல் வால்வு, நார்மல் சேனலுடையது. அடுத்தது வைப்ரேட்டோ சேனலுடையது. அடுத்து ரிவெர்பை ஓட்டும் 12ஏடி7, பிறகு ரிவெர்ப் திரும்பி வரும் வால்வு, அதற்கடுத்து டிரெமலோ (ஒலியைக் கூட்டிக் குறைத்து அலைக்கும் ஏற்பாடு), ஆறாவதாகச் சமிக்ஞையை இரண்டாகப் பிரிக்கும் 12ஏடி7. பிறகு இரண்டு 6வி6, கடைசியில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் ஜிஇசட்34. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேளுங்கள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ அந்த வால்வில், அல்லது அதைச் சுற்றிய பாகங்களில் கோளாறு. ஆறாவதையும் கழற்றிய பிறகும் ‘ம்ம்ம்’ நிற்கவில்லை என்றால் பவர் சப்ளையும் 6வி6 ஜோடியும்தான் மிச்சம். இந்த ஜோடி ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி வேலை செய்வதால் சப்ளையில் வரும் அலை தானாக அடிபட்டுப் போகும். ஒன்று சோர்ந்து மற்றது தெம்பாக இருந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே மட்டும் வால்வு மாற்றச் சொல்வேன், அதுவும் ஜோடியாக. ஒரு விஷயம்: எந்தச் சோதனையிலும் ஸ்பீக்கர் பிளக்கை உருவிவிட்டு ஆம்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

இதற்கு மேல் சேசிஸைத் திறக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். பழக்கம் இல்லையென்றால் இங்கேயே நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள். இதுவரை கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம். பழக்கம் உள்ளவர்களுக்கு: 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முதலைக் கிளிப்போடு சேசிஸுக்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவில் சில விநாடிகள் பிடித்து, மீட்டரில் பார்த்து, பிறகு தொடுங்கள். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் சேசிஸின் வெளிப்பக்கம், வால்வுகள் இருக்கும் பக்கத்தில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும், 16 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட், அட்டை உறை போட்டவை. மாமா வாங்கியபோது இருந்தவையே இன்னும் இருந்தால் அவற்றுக்கு ஐம்பது வயது. சோதிக்கக்கூட வேண்டாம், மாற்றுங்கள். உள்ளிருக்கும் திரவம் காய்ந்துபோகும் ரகம் அது. முனையில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பொருக்கு தள்ளியிருந்தால் ஏற்கெனவே முடிந்த கதை. கோலாலம்பூர் போனால் புடுவில் ஜாலான் பசார் கடைகளில் தேடலாம். பழைய இருப்பு வாங்காதீர்கள், கடை அலமாரியில் கிடந்தாலும் அதற்கும் வயது ஏறுகிறது. பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

மழை நாளில் பொரிகிறது என்றீர்கள். எனக்குப் பிடித்த நோய் இது, ஏனென்றால் நம் ஊருக்கே உரியது. அந்தக் கால ஆம்புகளில் பாகங்களைத் தாங்கும் பலகை மெழுகு ஊறிய கறுப்பு நார் அட்டை. உலர்ந்த ஊரில் அது நல்ல பிள்ளை. பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழையும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது அட்டை ஈரத்தைக் குடிக்கும். அப்புறம் 200, 300 வோல்ட் இருக்கும் இடத்திலிருந்து பக்கத்திலிருக்கும் மெல்லிய சமிக்ஞைப் புள்ளிக்கு அட்டை வழியாகவே மின்சாரம் ஊரும். ஒரே சீராக ஊராது, விட்டு விட்டு ஊரும். அதுதான் பொரிகிறது.

நான் முதலில் இதைப் பார்த்தபோது நம்பவில்லை. ஒரு பழைய ஆம்ப், நவம்பர் மாதம், கடுகு தாளிக்கிற மாதிரி சத்தம். எல்லா வால்வையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மீ (நூடுல்ஸ்) கடைகளில் கிடைக்கும் மரச் சாப்ஸ்டிக் ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே ஒவ்வொரு பாகமாகத் தட்டினேன். (இரும்பு ஸ்க்ரூடிரைவரால் தட்டாதீர்கள். காய்ந்த மரக்குச்சிதான் இந்த வேலைக்கு.) முதல் வால்வின் பிளேட்டுக்கு (உயர் வோல்ட் வரும் முனை) போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் ‘பட்’. சரி, ஆள் அகப்பட்டான் என்று மெட்டல் ஃபிலிம் ரகத்தில் புதிது போட்டேன். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதானால் பொரியும், அதனால் வீண் வேலை இல்லை. சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில், கை தவறி மீட்டரின் சிவப்புக் கம்பி பாகமே இல்லாத வெற்று அட்டையில் பட்டது. கறுப்புக் கம்பி சேசிஸில். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 11 வோல்ட் காட்டியது. கம்பியை அரை அங்குலம் நகர்த்தினேன், 7. இன்னும் நகர்த்தினேன், 3. மண் தரையில் தண்ணீர் பரவின மாதிரி அட்டை முழுக்க வோல்ட் பரவியிருந்தது.

மகளின் ஹேர் டிரையரை வாங்கி, மிதமான சூட்டில் பத்து நிமிடம் காட்டினேன். மெழுகு உருகும் அளவுக்குக் காட்டக் கூடாது. பொரிதல் நின்றுவிட்டது. அடுத்த வாரமே திரும்பி வந்தது. ஆனால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டதே. உயர் வோல்ட் புள்ளிகளை அட்டையிலிருந்து தூக்கி, ரெசிஸ்டர்களைக் காற்றில் நிற்கிற மாதிரி பற்றவைத்தேன். மீதி இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அதோடு அடங்கியது. அதிலும் அடங்காத பலகையை மாற்றுவதுதான் வழி. உங்களுடையதிலும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்: மழை நாளில், வெற்று அட்டையில், டிசி வோல்ட்.

வால்வு சாக்கெட்டுகளும் ஈரத்துக்குத் தப்பாது. வால்வை இரண்டு மூன்று முறை உருவிச் சொருகினாலே சில ஆம்புகள் குணமாகிவிடும். கரப்பான் எச்சம் சாக்கெட்டில் விழுந்திருந்தால் அதுவும் மின்சாரம் கடத்தும், அசிங்கமாக இருக்கிறதே என்பதற்காக மட்டுமல்ல, இதற்காகவும் துடைக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கிளீனர் அடியுங்கள். அடித்தும் போகாவிட்டால் முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் (ஒலியை விட்டு டிசியைத் தடுப்பது) டிசியைக் கசியவிடுகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். டிரெமலோ போட்டதும் ‘டிக் டிக்’ என்றால் உள்ளே வயர்கள் நெருங்கிக் கிடக்கின்றன, குச்சியால் நகர்த்தினாலே பல நேரம் போய்விடும்.

லேசான ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் இருக்குமே, அதை விட்டுவிடுங்கள். வால்யூமை ஏழுக்கு வைத்து ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் புது ஆம்பும் சீறும். முதல் வால்வின் இடத்தில் இன்னொன்றை மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, வித்தியாசம் இல்லையென்றால் வாசிக்க ஆரம்பித்துவிடுவது நல்லது.

ஆம்பை சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், வால்வுச் சூடே உள்ளே காய வைத்துவிடும். வால்வுகளைக் கழற்றும்போது கண்ணாடியில் இருக்கும் எழுத்தின் மேல் விரலையோ துணியையோ வைத்துத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து மை ஒரு துடைப்பில் போய்விடும். மாமா போட்ட வால்வுகள் இன்னும் அப்படியே இருந்தால், கடைக்காரர் மாற்றிவிட்டுக் கழித்துப் போடுகிறேன் என்றாலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.